தோட்டத்து ஷெட்டில் சூடு தாங்கவில்லையா? கூரையிலிருந்து தொடங்குங்கள்

ஆடிப்பட்டத்துக்கு முன்பு விதையின் முளைப்புத்திறனைப் பார்த்துச் சொல்லும்படி விவசாயிகள் எங்களிடம் மாதிரி கொண்டு வருவது வழக்கம். அப்படி ஒருமுறை வந்த நிலக்கடலை பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பருப்பு திரட்சியாக இருந்தது. வண்டு இல்லை, பூஞ்சாணம் இல்லை. காய வைத்துத்தான் மூட்டை கட்டினேன் என்றார் அந்த விவசாயி. ஆனால் சோதனையில் 100 பருப்புக்குப் பாதிகூட முளைக்கவில்லை. சான்று பெற்ற நிலக்கடலை விதைக்குக் குறைந்தது 70 சதவீத முளைப்பு இருக்க வேண்டும்.

காரணம் அவருடைய தோட்டத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பட்டறை ஷெட் போட்டிருந்தார். மேலேயும் தகரம், நான்கு பக்கமும் தகரம். வெல்டிங் மிஷின், பவர் வீடர், கைத்தெளிப்பான், உர மூட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. ஒரு மூலையில் விதைக்கடலை. சித்திரை, வைகாசி முழுவதும் அந்த மூட்டை அங்கேயே இருந்திருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு என்னால் உள்ளே ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. அவரோ அதற்குள் உட்கார்ந்துதான் கலப்பைக்கு வெல்டிங் வைப்பாராம்.

இன்று தோட்டத்தில் ஷெட் இல்லாமல் முடியாது. சின்னச் சின்ன இயந்திரங்கள் பெருகிவிட்டன. ஒவ்வொரு பழுதுக்கும் டவுனுக்குத் தூக்கிப்போக ஆகும் செலவைப் பார்த்தால் சொந்தப் பட்டறை லாபம்தான். ஆனால் ஷெட் போடும்போது நாம் அகலம், உயரம், ஷீட் விலை மூன்றைத்தான் பேசுகிறோம். சூட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போட்டு முடித்து முதல் கோடை வந்த பிறகு, இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். பெரும்பாலானவர்கள் சுவரை மாற்றலாமா, மின்விசிறி வைக்கலாமா என்று கேட்பார்கள். இரண்டுமே அடுத்த கட்டம்தான்.

சூடு எங்கிருந்து வருகிறது?

20 அடிக்கு 12 அடி ஷெட் என்றால் கூரைப் பரப்பு 240 சதுர அடி, அதாவது சுமார் 22 சதுர மீட்டர். கோடை மதியத்தில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் இறங்குகிறது. 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி 22-ஐ கூரைமேல் கவிழ்த்து வைத்ததற்கு இது சமம். துருப்பிடித்த பழைய தகரம் இதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். தகரத்தின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம்.

அந்தச் சூடு காற்று வழியாக மட்டும் நம்மிடம் வருவதில்லை. சூடேறிய தகரம் அடுப்புத் தணல்போல நேராகக் கீழ்நோக்கிக் கதிர்வீசுகிறது. உள்ளே போனதும் முதலில் உச்சந்தலை காய்வது இதனால்தான். மின்விசிறி காற்றை நகர்த்தும், ஆனால் கதிரை மறைக்காது. விசிறி ஓடினாலும் புழுங்குவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வெயில் கூரைக்கு வருமுன் தடுப்பது, தப்பி வந்ததைக் கூரைக்கு அடியிலேயே மறைப்பது, மிஞ்சியதைக் காற்றில் வெளியேற்றுவது என்ற வரிசையில் போனால் செலவு குறையும்.

வெள்ளைப் பூச்சு

செலவு குறைவாகவும் பலன் உடனடியாகவும் கிடைப்பது கூரையின் வெளிப்பக்கத்தை வெள்ளையாக்குவதுதான். நல்ல வெள்ளைப் பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஏழு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் சுண்ணாம்பு போதும். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு கை அடிக்கலாம். மழையில் கரையும் என்பதால் ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் திரும்ப அடிக்க வேண்டும்.

தகரத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம். ஒட்டி நிற்காது. அதோடு சுண்ணாம்பின் காரத்தன்மை, தகரத்தின் மேலிருக்கும் துத்தநாகம், அலுமினியப் பூச்சை ஈரம் படும்போதெல்லாம் அரிக்கும். துருவிலிருந்து காக்கும் பூச்சை நாமே கரைப்பது போலாகிவிடும். தகரத்துக்கென்று விற்கும் வெள்ளை அக்ரிலிக் கூரைப் பெயிண்டைத்தான் அடிக்க வேண்டும். துரு இருந்தால் தேய்த்து, ப்ரைமர் அடித்து, அதன்மேல் பெயிண்ட். தூசி படியப் படிய வெண்மை மங்கிப் பலனும் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை கழுவிவிடுங்கள். புதிதாகக் கலர் ஷீட் வாங்குபவர்கள் பச்சை, நீலம், செங்கல் நிறம் பக்கம் போகாமல் வெள்ளை அல்லது வெளிர் நிறம் கேட்டு வாங்கினால் இந்த வேலையே மிச்சம்.

தகரத்தின்மேல் தென்னங்கீற்றுப் பரப்புவது நம் ஊரில் பழக்கம்தான். சூடு நன்றாகக் குறையும், மறுக்கவில்லை. ஆனால் கீற்று தகரத்தை ஒட்டிக் கிடந்தால் மழைக்காலம் முழுவதும் ஈரம் பிடித்துத் தகரம் துருவேறும். எலி குடிவரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். பட்டறையில் வெல்டிங் பொறியும் உண்டு. கோடைக்கு மட்டும் பரப்பி, ஆடி மழைக்கு முன் இறக்கிவிடுவதாக இருந்தால் செய்யலாம். அந்தக் கோடையில் ஷெட்டுக்குள் வெல்டிங் வைக்கக் கூடாது.

கூரைமேல் தெளிப்பான் வைத்துத் தண்ணீர் அடிப்பதும் சூட்டைக் குறைக்கும். கோடையில் கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இருந்தால் அது பயிருக்கே போகட்டும்.

கூரைக்கு அடியில் என்ன கட்டுவது?

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டறைச் சூட்டுக்கு வழி கேட்ட ஒருவருக்குத் தெர்மகோல் அட்டையைக் கூரைக்கு அடியில் கட்டச் சொன்னேன். புத்தகக் கணக்குப்படி சரிதான். இரும்பைவிடத் தெர்மகோல் ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். அவரும் கட்டினார், சூடும் குறைந்தது. சில மாதம் கழித்துக் கிரைண்டர் பொறி தெறித்து அட்டை பற்றிக்கொண்டது. தெர்மகோல் உருகிச் சொட்டுச் சொட்டாக எரிந்தபடி விழும், கரும்புகை மூச்சை அடைக்கும். அவர் வெளியே ஓடிவந்துவிட்டார். தெளிப்பானும் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்களும் போயின. அங்கே என்ன வேலை நடக்கிறது என்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து, பொறி பறக்கும் எந்த இடத்துக்கும் வெறும் தெர்மகோல் கட்டச் சொல்வதில்லை. எறும்பும் எலியும் அதைக் குடைந்து கூடு கட்டுவது வேறு விஷயம்.

பட்டறைக்கு நான் சொல்வது அலுமினியத் தாள். கடைகளில் பபிள் ஷீட் என்று சுருளாகக் கிடைப்பது குமிழ் பிளாஸ்டிக்கில் அலுமினியம் ஒட்டியது. அதிலும் பிளாஸ்டிக் இருப்பதால் வெல்டிங் மேசைக்கு நேர் மேலே வேண்டாம். கண்ணாடியிழைத் துணியில் அலுமினியம் ஒட்டிய தாள் கிடைத்தால் அதுவே பாதுகாப்பு. ஒரே சூட்டில், துருப்பிடித்த இரும்பு வீசும் கதிரில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பளபளப்பான அலுமினியம் வீசாது. தாள் கனமாக இல்லையே, இது எப்படிச் சூட்டைத் தடுக்கும் என்று சந்தேகப்படுவார்கள். இங்கே வேலை செய்வது பளபளப்பு.

கட்டும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தாளின் பளபளப்பான முகம் கீழே, நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் ஒரே ஆண்டில் தூசி படிந்து பளபளப்பு போய்விடும். கீழ்முகத்தில் தூசி தங்காது. தாளைத் தகரத்தோடு ஒட்டக் கூடாது. பர்லினுக்கு அடிப்பக்கமாகக் கம்பி இழுத்து அதன்மேல் தாளை விரித்தால், தகரத்துக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு மூன்று இஞ்ச் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி இறவாரத்திலும் முகட்டிலும் திறந்திருக்கட்டும். நடுவில் சூடாகும் காற்று தானாக மேலேறி வெளியே போய்விடும். இரண்டு முனையையும் அடைத்துவிட்டால் பாதிப் பலன் போச்சு.

இந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. மார்கழி, தை இரவுகளில் தகரம் காற்றைவிடக் குளிர்ந்து, அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். விடியற்காலையில் மூட்டைமேல் ஈரம் பார்த்து, கூரை ஒழுகுகிறது என்று ஓட்டையைத் தேடுபவர்கள் உண்டு. இடையில் தாள் இருந்தால் சொட்டு மூட்டைமேல் விழாது.

மூங்கில் தட்டி, ஓலைப்பாய் இரண்டையும் உட்கூரையாகக் கட்டலாம். விலை குறைவு, பலனும் உண்டு, தீப்பிடிக்கும். பொருள் வைக்க மட்டும் பயன்படும் ஷெட் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இரண்டு தகரத்துக்கு நடுவே நுரை அடைத்து வரும் பஃப் பேனல் எல்லாவற்றையும்விட நன்றாகத் தடுக்கும். ஆனால் அதன் விலைக்கு ஒரு பட்டறை ஷெட் தகுதியா என்று யோசியுங்கள். காளான் வளர்ப்புக்கு வேண்டுமானால் தகும்.

பழைய சிமெண்ட் ஷீட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். அறுத்தாலோ, துளையிட்டாலோ, உடைத்தாலோ கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். தாள் கட்டுவதற்காக அதில் துளை போடாதீர்கள், இரும்புச் சட்டத்தில் கம்பி கட்டுங்கள். கழற்ற நேர்ந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்குங்கள்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு

நீளவாக்கு கிழக்கு மேற்காக அமையட்டும். அப்போது காலை, மாலைச் சாய்வெயில் படும் கிழக்கு, மேற்குச் சுவர்கள் குறுகியவையாக இருக்கும். தெற்கே மட்டும் இறவாரம் நீட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கோவை, ஈரோடு, திருச்சிப் பகுதியில் ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் உச்சிக்கு நேராக வந்து, அதன்பின் ஆகஸ்ட் கடைசி வாரம்வரை மதியத்தில் சற்று வடபுறமாகவே நிற்கும். அதனால் இரண்டு பக்கமும் 2 அடி இறவாரம் விடுங்கள். பக்க உயரம் 10 அடிக்குக் குறைய வேண்டாம். கூரை தலைக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

மேற்குச் சுவருக்கு இறவாரம் உதவாது, வெயில் அதற்கு அடியில் புகுந்து வரும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கல்தூண் நட்டு, கோவைக்காயோ பீர்க்கனோ ஏற்றிவிடுங்கள். விவசாயிக்கு இதைவிட மலிவான வெப்பத்தடுப்பு இல்லை, காயும் கிடைக்கும். சுவரை ஒட்டியே ஏற்றினால் ஈரமும் கரையானும் வரும். மர நிழல் நல்லதுதான், ஆனால் தென்னைக்கு அடியில் ஷெட் வேண்டாம். ஒரு நெற்று விழுந்தால் ஷீட் போய்விடும்.

சுவருக்கு 6 இஞ்ச் ஹாலோ பிளாக் போதும். பணம் குறைவென்றால் மேற்குச் சுவரை மட்டுமாவது கட்டுவேலையாக வைத்து, மற்ற பக்கங்களுக்குத் தகரம் அடிக்கலாம். தரைமட்டத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் வடக்கிலும் தெற்கிலும் காற்றுத் துவாரங்கள், அதே பரப்பில் முகட்டில் திறப்பு. குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடான காற்று மேலே போகும். எல்லாத் துவாரத்துக்கும் கால் இஞ்ச் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். அரை இஞ்ச் கண்ணில் சுண்டெலி நுழைந்துவிடும். கூரையில் சுழலும் டர்போ வென்டிலேட்டர் வைப்பது நாகரிகமாகிவிட்டது. 20 அடி ஷெட்டுக்கு முகட்டுத் திறப்பே போதும். காசை வெள்ளைப் பெயிண்டுக்குப் போடுங்கள்.

பேஸ்மட்டம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரட்டும். கரிசல் மண்ணாக இருந்தால் மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கித் தரையை வெடிக்கவைக்கும். அதனால் அஸ்திவாரக் குழியிலும் தரைக்கு அடியிலும் கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பிக் கெட்டிக்க வேண்டும். கான்கிரீட் போடுமுன் கனமான பாலித்தீன் தாளை விரித்துவிட்டால் கீழிருந்து ஈரம் ஏறாது.

காற்றை மறக்காதீர்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் கோவை, உடுமலைப் பகுதியிலும், செங்கோட்டைக் கணவாய்க் காற்று வாங்கும் தென்காசிப் பகுதியிலும் தென்மேற்கு மூலையில்தான் ஷீட் முதலில் கிளம்பும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகை, வேதாரண்யம் பக்கம் தகரம் பறந்ததை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறவாரம், முகடு, நான்கு மூலை ஆகிய இடங்களில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ரப்பர் வாஷரோடு திருகோ ஜே போல்ட்டோ போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் ஒழுகும். தூண்கள் கான்கிரீட்டுக்குள் இறங்கி நிற்கட்டும், வெறுமனே தரைமேல் பிளேட் வைத்து முடித்துவிட வேண்டாம்.

விதைக்கு ஒரு சிற்றறை

முழு ஷெட்டையும் குளிரவைக்கப் பார்ப்பது வீண் செலவு. ரிஞ்சும் ஸ்பேனரும் சூட்டில் கெடாது. கெடுவது விதை, உயிர் உரம், பேட்டரி. இவற்றுக்கு மட்டும் வடகிழக்கு மூலையில் ஆறுக்கு ஆறு அடியில் செங்கல் சிற்றறை கட்டி, ஏழடி உயரத்தில் மூன்று இஞ்ச் கான்கிரீட் பலகை மூடிவிடுங்கள். மேலே பரணாகவும் பயன்படும். அதன்மேல் நேரடி வெயில் விழாது, ஷெட்டின் கூரையே குடையாகிவிடும். பகலில் கதவை மூடி, இரவில் வலைக்கதவு மட்டும் போட்டு வைத்தால் கனமான சுவர் இரவுக் குளிர்ச்சியைப் பகலுக்கும் தாங்கி நிற்கும். மழை நாளில் மட்டும் இரவிலும் மூடிவிடுங்கள்.

விதை சேமிப்பில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று உண்டு. சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தாலும் அதேபோல இரட்டிக்கும். தகரத்துக்கு அடியில் இருப்பதற்கும் சிற்றறைக்குள் இருப்பதற்கும் மதியத்தில் 10 டிகிரி வித்தியாசம் வந்தால் எவ்வளவு லாபம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிலக்கடலையை 9 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து, உடைக்காமல் காயாகவே வையுங்கள். மூட்டையைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி மரச்சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா பாக்கெட்டில் இருப்பவை உயிரினங்கள். தகரச் சூட்டில் அவை செத்தால் நாம் வயலில் இடுவது வெறும் பொடிதான்.

பூச்சிமருந்து, களைக்கொல்லி இந்த அறைக்குள் வரவே கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத தனிப் பெட்டி, தனிப் பூட்டு. களைக்கொல்லி ஆவி பட்டாலே விதையின் முளைப்பு கெடும். பெட்ரோல் கேனும் இங்கே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பொறியைத் தேடிப்போகும்.

வெல்டிங்கும் கிரைண்டரும் ஷெட்டுக்கு வெளியே, கிழக்குப் பக்கத் தாழ்வாரத்தில் நடக்கட்டும். மதியத்துக்குமேல் அங்கே ஷெட்டின் நிழல் விழும், புகையும் தங்காது. உள்ளே இழுக்கும் வயர்களைக் குழாய்க்குள் விட்டு, எர்த் போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வையுங்கள். தகர ஷெட்டில் ஒரு வயர் உரசித் தேய்ந்தால் ஷெட் முழுவதும் மின்சாரம் ஏறும். விவசாய இலவச மின் இணைப்பு பாசன மோட்டாருக்குத்தான். அதிலிருந்து வெல்டிங் மிஷினுக்கு இழுத்தால் அபராதம் வரும், தனி இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஷெட் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே கோடையில் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பங்குனியில் வெள்ளைப் பூச்சு, முகட்டில் திறப்பு. அடுத்த ஆண்டு அலுமினியத் தாள். கோவைக்கொடியை மட்டும் இன்றே நட்டுவிடலாம். வேலை தொடங்குமுன் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, ஷெட்டுக்குள் தலை உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு வாரம் மதியம் 2 மணிக்குப் பார்த்து எழுதுங்கள். அதே நேரத்தில் வெளியே வேப்பமர நிழலிலும் பாருங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் திரும்ப ஒரு வாரம் எழுதினால், எந்தச் செலவு பலன் தந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஷெட்டில் விதை வைத்திருப்பவர்கள் விதைப்புக்கு 20 நாள் முன்பே 100 பருப்பை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, பத்தாம் நாள் பிரித்து எண்ணிப் பாருங்கள். எழுபதுக்குக் கீழே இருந்தால் வேறு விதை வாங்க அப்போதும் நாள் இருக்கும்.